மாற்றல் கடிதமும் பதினொரு தலைவர்களும்

எங்கள் துறவற சபையின் தலைவர்கள் பதினொரு பேர் இந்த வருடம் மாசி மாதத்தில் ஐந்து நாட்கள் எங்கள் மலைவீட்டில் தங்கினார்கள். எங்கள் எல்லா இல்லங்களுக்கும் மேலே மாநிலத் தலைவர் ஒருவர். பள்ளிக்கூடங்களையும் விடுதிகளையும் நடத்துகிற இல்லத் தலைவர்கள் பத்துப் பேர். வந்த காரியம், எனக்கு வந்த கடிதத்தில் இருந்தபடி, சகோதரத்துவத்தில் புதுப்பிக்கப்படுவது. ஐந்து நாளில் அதை முடித்துக்கொண்டு ஆறாம் நாள் காலை பத்து மணிக்குள் திருப்பத்தூர் போய்ச் சேர வேண்டும் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருந்தது.

மலைவீடு என்பது சபையின் தியான இல்லம். புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம். பதினாறு அறைகள், அவற்றில் ஒழுகாதவை பன்னிரண்டு. எங்கள் சபையில் குருக்கள் கிடையாது. எல்லோரும் வார்த்தைப்பாடு எடுத்த, அதாவது துறவற வாக்குக் கொடுத்த, பிரதர்கள்தான். நான் முப்பத்து நான்கு வருடம் சபையின் பள்ளிகளில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு இங்கே வந்தேன். அப்போது மூன்று பேர் இருந்தோம். ஒருவர் இறந்தார். இன்னொருவரை ஒரு விடுதியில் ஆள் இல்லை என்று தற்காலிகமாகக் கீழே அழைத்தார்கள். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது ஆறு வயது.

போன ஐப்பசி மழையில் தண்ணீர்த் தொட்டி அருகே பாசியில் வழுக்கி விழுந்தேன். நாற்பது நிமிடம் எழ முடியாமல் கிடந்தேன். கடிகாரம் கையில் இருந்ததால் நிமிடம் தெரியும். சமையல் செய்ய வருகிற அம்மா, பக்கத்துக் கிராமத்தில் சாமை விதைக்கிற நேரம் போக எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர், வந்து தூக்கி உட்கார வைத்தார். எலும்பு முறியவில்லை. கீழே யாருக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சமவெளியில் எங்கள் சபைக்கு ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே இருபத்திரண்டு பேர், இரண்டு தொலைக்காட்சிகள். நான்கு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். நான்கு முறையும் யாராவது ஒருவர் இன்று என்ன கிழமை என்று கேட்டார், நான் சொல்வதற்குள் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுபத்தொன்பது வயதில் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான், அந்த வீட்டுக்குப் போகாமலிருப்பது. ஆகவே தலைவர்கள் வருகிறார்கள் என்றதும் தட்டுகளை எண்ணினேன், வாளிகளை எண்ணினேன், சுவரில் கை வைக்காமல் நடக்கவும் பழகிக்கொண்டேன்.

முதல் நாள் மாலை மாநிலத் தலைவர் விதிகளை அறிவித்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, மென்மையான மனிதர், மன்னிப்புக் கேட்பதற்கு முன்பும் ஒரு மன்னிப்புக் கேட்பவர். இந்த ஐந்து நாளும் தலைவர் என்று யாரும் கிடையாது. கைப்பேசிகளைக் கூடையில் போட்டுவிட வேண்டும். வேலைகளைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கூடை என் பொறுப்பு. எண்ணினேன், பதினொன்று இருந்தன. எங்கள் மலையில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான், கிழக்கு வளைவில் இருக்கிற புளியமரத்தடியில். மறுநாள் பதினோரு மணிக்கு நான் அந்தப் பக்கம் போனபோது, புளி உலுக்க வந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரத்தைச் சுற்றி ஐந்து தலைவர்கள், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஐந்து கைப்பேசிகளில் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடைக்குத் திரும்பி வந்து மறுபடி எண்ணினேன். பதினொன்று அப்படியே இருந்தன.

சாப்பாட்டு அறையில் கைவைத்த நாற்காலி ஒன்று உண்டு. முதல் இரவுச் சாப்பாட்டுக்கு அதில் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் கை கழுவும் தொட்டியை ஒட்டியுள்ள கடைசிப் பெஞ்சுக்குப் போனார்கள். அது நான்கு பேர் உட்காரும் பெஞ்சு. "நீங்க உக்காருங்க பிரதர்", "ஐயோ, நீங்க முதல்ல" என்று பதினான்கு நிமிடம் போயிற்று.

சாம்பாரோடு நின்ற சமையல் அம்மா என் காதருகே வந்தார். "இன்னா பிரதரு, உக்கார எடமில்லாம நிக்கிறாங்களா, இல்ல எதுனா சண்டையா?"

"சண்டை இல்லம்மா. தாழ்மை."

"அது எத்தினி நேரம் ஆவும்? சாம்பார் ஆறிப்போவுது."

அப்போதுதான் சமவெளியிலேயே பெரிய பள்ளிக்கூடத்தை நடத்துகிற தலைவர், நாலாயிரம் பிள்ளைகள் படிக்கிற பள்ளி அது, "எனக்குப் பசிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு அந்தக் கைவைத்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மற்ற பத்துப் பேர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. அவர்களுக்குக் குறைபட்டுக்கொள்ள ஒரு ஆள் கிடைத்துவிட்டார், சாப்பிடவும் முடிந்தது.

அந்தப் பெரிய பள்ளித் தலைவரைப் பற்றி, அவர் வந்த முதல் நாளிலேயே எனக்கு ஏழு குறைகள் சேர்ந்துவிட்டன. மூன்று ஜோடிச் செருப்பு கொண்டுவந்திருந்தார். வெந்நீர் எங்கே என்றார். சுவரில் ஏன் ஒரே ஒரு பிளக் என்றார். வாய்க்குள் சோறு இருக்கும்போதே பேசினார். மீதி மூன்றை எழுதினால் புறணி ஆகிவிடும்.

வேலைச் சீட்டிலும் இதே கதைதான். கழிப்பறை கழுவும் சீட்டு இரண்டு பேருக்கு விழுந்தது. மூன்று பேர் அவர்களிடம் கெஞ்சி அந்த வேலையை மாற்றி வாங்கப் பார்த்தார்கள். மறுக்க மனமில்லாமல் ஐந்து பேராகக் கழுவினார்கள். இரண்டு கழிப்பறைகள், ஐந்து பேர், மூன்று வேளை. இந்த வீடு கட்டிய நாள் முதல் அவை அப்படிப் பளபளத்ததில்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போடுவது எளிமையான வேலை, பெருமை எதுவும் இல்லாதது, ஆகவே அதை யாரும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சுத்தமான கழிப்பறைகள் இருந்தன, தண்ணீர் இல்லை.

மூன்றாம் நாள் பிற்பகல். நான் சமையலறையில் முளைகட்டிய பயறைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்ட அறைக்குத் தேநீர் கொடுத்துவிட்டு சமையல் அம்மா திரும்பி வந்தார். வழக்கமாக டம்ளர்களைச் சத்தத்தோடு போடுபவர், அன்று மெதுவாக வைத்தார்.

"பிரதரு, உங்கள கீழ அனுப்பப் போறாங்க. கடுதாசி டைப்பு பண்ணியே எடுத்தாந்துட்டாங்க போல."

நான் பயறை ஈரத்துணியால் மூடினேன்.

"நான்தான் சொன்னேன்" என்றார். "எல்லாருக்கும் மேல கீற பெரியவரு மார்கழில போனு பண்ணாரு, எப்பிடி கீறாருன்னு கேட்டாரு. வுழுந்ததச் சொன்னேன். இன்னா பண்ணச் சொல்றீங்க? நீங்க வுழுந்த அன்னிக்கி எம் மருமவன் வூட்டுக்குப் போறத ஒரு நாளு தள்ளிப்போட்டேன். போயிருந்தா?"

"நீங்க சொல்லியிருக்கக் கூடாது."

"நீங்க சொல்லியிருக்கணும்" என்றார் அவர். பிறகு டம்ளர்களை வழக்கம்போலச் சத்தத்தோடு கழுவத் தொடங்கினார்.

அன்று மாலை அதே கூட்ட அறையில், அந்தக் கடிதம் மேசை மேல் இருக்கும்போதே, அவர்கள் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். இனி எந்தப் பிரதரையும் நேரில் உட்கார்ந்து அவர் மனதைக் கேட்காமல் மாற்றல் செய்வதில்லை. பதினொரு பேரும் கை தூக்கினார்களாம். சிலருக்குக் கண் கலங்கியதாம். தீர்மானத்தைச் செயல்படுத்த கையருகே ஆளாக நான் இருந்தேன். ஆனால் என்னிடம் யார் பேசுவது என்பதைத் தீர்மானத்தில் சேர்க்கவில்லை. ஒருவரை நியமித்தால் மற்றவரைவிட அவர் பெரியவர் என்று ஆகிவிடும். ஆகவே சுவரில் ஒரு தாளை ஒட்டி, யாருக்கு உள்ளிருந்து தூண்டுதல் வருகிறதோ அவர் போய்ப் பேசிவிட்டுத் தன் பெயருக்கு நேரே ஒரு குறி போடலாம் என்று விட்டுவிட்டார்கள்.

தூண்டுதல் பலருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. நான்காம் நாள் விடிந்ததிலிருந்து நான் எங்கே போனாலும் கூடவே ஒரு தலைவர் இருந்தார். முதலில் வந்தவர் என்னோடு பலாமரங்களைச் சுற்றி வந்து, எனக்குப் பிடித்த புனிதர் யார் என்று கேட்டார். சொன்னேன். "அருமை" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். இரண்டாமவர் முதியோர் இல்லத்தில் புதிதாக லிஃப்ட் போட்டிருக்கிறார்கள் என்றார். "அப்படியா" என்றேன். "ரெண்டு மாடிதான், ஆனாலும் லிஃப்ட்" என்றார். மூன்றாமவர் பயறு உரிக்க உதவுவதாக உட்கார்ந்து, தன் விடுதியில் சமையல்காரர் ஓடிப்போனதையும் தனக்குச் சர்க்கரை ஏறியதையும் ஐம்பது நிமிடம் சொல்லி அழுதார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னேன். போகும்போது, "நீங்க கேட்டதுல மனசு லேசாயிருச்சு பிரதர்" என்றார். நான்காமவர் சபையின் வரலாற்றில் கீழ்ப்படிதலின் இடம் பற்றிப் பேசினார். ஐந்தாமவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒன்றுமே பேசவில்லை. மற்ற நால்வரும் இந்த ஐந்துக்குள் அடங்குவார்கள்.

ஒன்பது பேர். ஒருவர் கூடக் கடிதம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் வந்தவர் கசப்பான பகுதியைச் சொல்லி முடித்திருப்பார் என்று நம்பி, மிச்சமிருந்த அன்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தெரியும் என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை. அதில் எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் இருந்தது, அதை மறைப்பதில் பயனில்லை. பெரிய பள்ளித் தலைவர் மட்டும் வரவில்லை. அவர் வெயிலில் நாற்காலி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் மாலை என்னைக் கூட்ட அறைக்கு அழைத்தார்கள். அந்த ஐந்து நாளில் தேநீர் இல்லாமல் நான் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். மாநிலத் தலைவர் இருபத்திரண்டு வருட உழைப்பைப் பற்றிப் பேசினார். பிறகு சுவரிலிருந்த தாளைப் பார்த்து, "ஒன்பது சகோதரர்கள் உங்ககூட மனம் விட்டுப் பேசியிருக்காங்க. நீங்களும் சந்தோஷமா ஏத்துக்கிட்டதுக்கு நன்றி" என்றார். கை தட்டினார்கள்.

கை தட்டல் ஓயும்வரை நின்றேன். "எதை ஏத்துக்கிட்டேன்?" என்று கேட்டேன்.

மாநிலத் தலைவர் தாளைப் பார்த்தார். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்கிட்ட ஒருத்தர் எந்தப் புனிதர் பிடிக்கும்னு கேட்டார்" என்றேன். "ஒருத்தர் லிஃப்ட் பத்திச் சொன்னார். ஒருத்தர் அழுதார். மாற்றல்னு யாருமே சொல்லலயே."

"நீங்க சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார் புனிதரைக் கேட்டவர், லிஃப்ட்காரரிடம்.

"நான் ரெண்டாவதாத்தானே போனேன்! நீங்கதான் முதல்ல போனீங்க."

"முதல்லயே எப்படி அதைச் சொல்றது?"

பெரிய பள்ளித் தலைவர் பின் வரிசையிலிருந்து உரக்கச் சிரித்தார். "ஒம்பது பேர் போயி கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி வந்துருக்கீங்க" என்றார். யாரும் அவரோடு சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. மாநிலத் தலைவர் இந்த முறை மன்னிப்புக் கேட்காமல், என் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பிரதர், ஐப்பசில கீழ விழுந்தீங்களா?"

"விழுந்தேன்."

"எவ்வளவு நேரம் கிடந்தீங்க?"

கணக்கில் நான் பொய் சொன்னதில்லை. "நாற்பது நிமிஷம்."

"எங்கள்ள யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களில் ஆறு பேரிடம் அதற்குப் பிறகு நான் தொலைபேசியில் பேசியிருக்கிறேன். பலாப்பிஞ்சு பற்றிப் பேசியிருக்கிறேன், ஓடு மாற்றுவது பற்றிப் பேசியிருக்கிறேன். "இல்லை" என்றேன்.

"நாங்க உங்களைக் கேக்காம முடிவு பண்ணினது தப்புதான். நீங்களும் எங்களைக் கேக்காமதான் ஒரு முடிவு பண்ணியிருக்கீங்க, இங்கேயே தனியாக் கிடந்து செத்துப்போறதுன்னு. ரெண்டுல எது பெரிய தப்புன்னு எனக்குத் தெரியல."

சால்வைக்குள் வேர்த்தது. கழற்றி மடித்து வைத்தேன்.

"தனியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்" என்றார் அவர்.

"அப்படின்னா ஒருத்தரை அனுப்புங்க" என்றேன். "இந்த மலையோட அமைதி பத்தி அஞ்சு நாளா எல்லாரும் பேசினீங்க. ஜன்னல் வழியாக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். யாராவது வந்து இருக்கட்டும்."

அவர் எழுந்து மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். "யார் வர்றீங்க?"

புனிதரைக் கேட்டவர் தன் விரல் நகங்களைப் பார்த்தார். கட்டிப்பிடித்தவர் ஜெபமாலையை எடுத்தார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு பள்ளியோ விடுதியோ இருந்தது, அது தன்னை விட்டால் நின்றுபோகும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பெரிய பள்ளித் தலைவர்.

"எனக்கு மே மாசத்தோட காலம் முடியுது" என்றார். "நான் வர்றேன்."

"நீங்களா?" என்று மாநிலத் தலைவர் கேட்ட விதத்தில் மரியாதை கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

"ஏன், நான்தான். அங்க தினமும் நாலாயிரம் பேர் எனக்கு குட் மார்னிங் சொல்றாங்க. என் வீட்டுல நாங்க அஞ்சு பிரதர்கள். அஞ்சு பேரும் அஞ்சு நேரத்துல சாப்பிடறோம். ராத்திரி மூடி வெச்ச தட்டை எடுத்துத் தனியாத் தின்னுட்டுப் படுக்கறேன். ஏழு வருஷமா. நான் தலைவரு, நானே அதை மாத்தியிருக்கலாம். மாத்தல." என் பக்கம் கையைக் காட்டினார். "இவரு பாட்டுக்கு இவரு எண்ணிக்கிட்டு இருக்கட்டும். எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட ஆள் இருந்தாப் போதும்."

மாநிலத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "தீர்மானத்தின்படி இப்ப உங்களைக் கேக்கணும். உங்களுக்குச் சம்மதமா?"

அவர் மட்டும் வேண்டாம் என்று என் வாயில் வந்தது. பத்துப் பேரில் வேறு யார் கை தூக்கியிருந்தாலும் நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருப்பேன். ஏழு குறைகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் என்னைப் பற்றி ஒரு பட்டியல் இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது, அது என்னுடையதைவிட நீளமாக இருக்கலாம் என்றும். கீழே அந்த முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு பேர், இங்கே ஒருவர். கழித்துப் பார்த்தேன்.

"சம்மதம்" என்றேன். அதில் அன்பு எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆறாம் நாள் காலை அவர்கள் இரண்டு ஜீப்புகளில் இறங்கிப் போனார்கள். தீர்மானங்கள் எழுதிய தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். மாநிலத் தலைவர் மாற்றல் கடிதத்தை என் முன்னாலேயே கிழித்தார். கிழித்த துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் என்னிடமே கொடுத்தார். சமையல் அம்மா அவற்றை வாங்கி அடுப்பில் போட்டார்.

ஜூன் முதல் வாரத்தில் பெரிய பள்ளித் தலைவர் வந்து சேர்ந்தார். இப்போது நான்கு மாதம் ஆகிறது. அவர் காலையில் வானொலி வைக்கிறார், எனக்கு அது பிடிக்காது. நான் ஜெபத்தில் திருப்பாடல்களை வேகமாகச் சொல்வதாக அவர் சொல்கிறார். மதியம் சரியாகப் பன்னிரண்டேகாலுக்கு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பன்னிரண்டேகால் நான் வைத்த நேரம், எதிரெதிர் என்பது அவர் வைத்தது. பாதி நாள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அந்த நாட்களிலும் அவர் எனக்கு முன்பாகத் தட்டைக் கழுவ எழுந்ததில்லை. எனக்கு மென்று முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

போன வாரம் காலையில் கட்டிலைவிட்டு எழும்போது அறை ஒருமுறை சுழன்றது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன். சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு ஒன்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் இவர் சும்மா இருக்க மாட்டார் என்று தெரியும். பிறகு கதவைத் திறந்து, "தலை சுத்துது" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"ஒன்பது நிமிஷமா."

"ஒன்பது நிமிஷம் உள்ள என்ன பண்ணீங்க?" என்று கத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு புளியமரத்தை நோக்கி ஓடினார், ஜீப்புக்குப் போன் செய்ய. அறுபத்து மூன்று வயதுக்காரர் அப்படி ஓடக் கூடாது. அதைச் சொல்ல வாசலுக்கு வந்தேன், அவர் அதற்குள் மேட்டைத் தாண்டிவிட்டார்.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் ஜீப்பில் அவர் வாயை மூடவே இல்லை. பள்ளிக்கூடத்துக் கதை, அந்த ஐந்து பிரதர்களின் கதை, தன் வயிற்றின் கதை. ஒவ்வொரு வளைவிலும் என் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேசினார். பாதி வழியில் நான் அவரிடம் கொஞ்சம் வாயை மூடுங்கள் என்றேன். மூடினார். கையை எடுக்கவில்லை.